கரைந்துவிட்டதாம் கட்டி!

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்ட நாலே நாளில் மூளைக்கட்டி கரைந்ததால் பயாப்ஸி (திசுத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) தேவைப்படவில்லை என்று சென்ற வார மருத்துவப் பக்கத்தில் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

ஸ்டீராய்டில் மளமளவென்று கரைகிற கட்டி என்றால் முதலில் லிம்போமாவைத்தான், அதாவது வெள்ளணுக்களில் வரும் புற்றுநோயைத்தான், சந்தேகிக்க வேண்டும். அந்தச் செல்களை ஸ்டீராய்டே சாகடிக்கும். வீக்கம் வடியும், விழுந்த கை எழும்பும், வீட்டார் நிம்மதியாவார்கள். சில வாரங்களிலோ மாதங்களிலோ கட்டி திரும்ப முளைக்கும். இடையில் பயாப்ஸி எடுத்தால், ஸ்லைடில் செத்த செல்களும் அவற்றைத் தின்று நுரைத்த மேக்ரோபேஜ் என்ற துப்புரவுச் செல்களும்தான் இருக்கும். லிம்போமாவை அடையாளம் காட்டும் சிடி20 சாயத்தில் பழுப்பேற வேண்டிய பெரிய பி செல்கள் (ஒருவகை வெள்ளணுக்கள்) ஒன்றிரண்டுகூடத் தேறாது. 'உறுதி செய்ய இயலவில்லை' என்று எழுதி அனுப்புவதைத் தவிர, ஸ்லைடு பார்க்கும் எங்களுக்கு வழியில்லை.

நம் ஊரில் இதைவிடப் பெரிய சிக்கல் டியூபர்குலோமா, அதாவது மூளையில் வரும் காசநோய்க் கட்டி. காசநோய் மாத்திரையோடு டெக்ஸாவையும் தொடங்குகிறார்கள். நோயாளி தேறினால் பெயர் டிபி மருந்துக்குப் போகிறது; லிம்போமாவாக இருந்தால் அது மறைந்துவிடுகிறது. கட்டி வென்ட்ரிக்கிள் (மூளையின் நீர் அறை) ஓரத்திலோ கார்பஸ் கலோசத்திலோ (மூளையின் இரு பாதிகளை இணைக்கும் பட்டை) இருந்து, ஸ்கேனுக்கு ஏற்றும் காண்ட்ராஸ்ட் மருந்தைச் சீராக ஏற்று, எம்ஆர்ஐயின் டிஃப்யூஷன் படத்தில் வெளுத்துத் தெரிந்தால், பயாப்ஸிக்குப் பிறகுதான் ஸ்டீராய்டு. மூளை அழுந்தி உயிருக்கே ஆபத்து என்றால் மட்டும் காத்திருக்கக் கூடாது. ஏற்கெனவே கொடுத்தாயிற்றா? எத்தனை நாள், எவ்வளவு என்று பயாப்ஸி சீட்டில் எழுதுங்கள். படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, எம்ஆர்ஐயில் கட்டி மறுபடி தலைகாட்டியதும் எடுக்கலாம். எச்ஐவி சோதனையும், ஸ்லிட் லேம்ப்பில் கண் பரிசோதனையும் விடுபடக் கூடாது.

முன்பொரு கட்டுரையில், எந்த மூளைக்கட்டியானாலும் முழுதாக வெட்டி எடுக்க வேண்டும் என்று வந்தது. லிம்போமாவுக்கு ஊசியளவுத் துணுக்கு போதும், குணப்படுத்துவது மருந்து. மெத்தோட்ரெக்ஸேட்டை 'மூட்டுவாத மாத்திரை' என்று ஒரே வரியில் முடித்ததும் உங்கள் பக்கம்தான். மூட்டுவாதத்துக்கு வாரம் 15 மி.கி. போல; லிம்போமாவுக்கு உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 3.5 கிராம், 1.6 சதுர மீட்டர் உள்ளவருக்கு 5,600 மி.கி. சிறுநீரின் பிஎச் (அமில-கார அளவு) 7-க்குக் கீழே இறங்கினால் மருந்து சிறுநீரகத்தில் படியும். 24 மணி நேரம் கழித்து அதன் நச்சைத் தணிக்கும் லியூக்கோவோரின் தொடங்கியாக வேண்டும். இந்த நாட்களில் வலிக்கு டைக்ளோஃபெனாக், வயிற்று அமிலத்துக்குப் பேன்டோபிரசோல் என்று வாங்கிப் போட்டால் மருந்து வெளியேறாமல் தங்கிவிடும்.

நான் கேட்பது, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம். மூளைக்கட்டி என்று சொல்லி ஸ்டீராய்டு எழுதினால், "பயாப்ஸி எடுக்க வேண்டியிருக்குமா, டாக்டர்?" என்று முதல் ஊசிக்கு முன்பே வீட்டார் கேட்க வேண்டும் என்று போடுங்கள்.

இப்படிக்கு,
நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவர்,
மதுரை.