சண்முகத்துக்கு, பேலன்சிங் மிஷின் விஷயமாக

பர்மிங்ஹாம்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள சண்முகா,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்தை என் மகள்தான் படித்துச் சொன்னாள். டாக்டராக இருப்பதால் முடிந்தது. இங்கே எல்லோரும் சுகம். குளிரைப் பற்றி எழுதப் போவதில்லை. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். சோடாபுட்டிக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இனிமேலாவது அவன் ஓடுகிற பஸ்ஸைத் துரத்தாமல் இருக்கட்டும்.

இதெல்லாம் இருக்கட்டும். மழை, மருமகள், மாநகராட்சி என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில், "பட்டறையில் எஞ்சின் தண்டைச் சுற்றவிட்டு எடைக் கோணலைக் கண்டுபிடிக்கும் டைனமிக் பேலன்சிங் மிஷின் போடப் போகிறேன், பேங்க்கில் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) லிமிட்டை ஏற்றித் தருகிறார்கள், வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறாயே, அது என்னடா பழக்கம்? ஹாஸ்டலில் இருந்து அப்பாவுக்குப் பணம் கேட்டு எழுதும்போதும் நீ இப்படித்தான் ஓரத்தில் ஒதுங்குவாய்.

அந்த ஓரத்துக்குத்தான் இந்தக் கடிதம். ஆனால் சுற்றித்தான் வருவேன். தாண்டிப் படிக்காதே.

இந்த ஊரில் நெச்செல்ஸ் என்றொரு பகுதி. அங்கே ரோட்டோரப் புல்தரையில் ஒரு பழைய காரின் உலோகச் சிலை நிற்கிறது. பேரனைக் கூட்டிக்கொண்டு நடக்கும்போது பார்த்தேன். லான்செஸ்டர் கார். நமக்கு ரோல்ஸ் ராய்ஸ் தெரியும், டெய்ம்லர் தெரியும். ஒரு காலத்தில் அவற்றோடு சரிசமமாக நின்ற இந்தப் பெயரை நம் வாத்தியார்கூட ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை. அன்று பிடித்த பைத்தியம் இன்னும் இறங்கவில்லை. மகள் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் நான் வாயைத் திறந்தாலே எல்லோரும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். நீயாவது கேள்.

ஃபிரெடெரிக் லான்செஸ்டர், 1868இல் பிறந்தவர். அப்பா கட்டடக்கலைஞர். இவர் பர்மிங்ஹாமில் கேஸ் எஞ்சின் செய்யும் கம்பெனியில் சேர்ந்து தொழில் பழகினார். 1895இல் சொந்தமாகக் கார் கட்ட ஆரம்பித்து, மறு வருஷமே ரோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். முதலில் ஒற்றை சிலிண்டர், 5 குதிரைத்திறன். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுகிற தண்டுதானே கிராங்க் ஷாஃப்ட், அந்த ஒற்றை சிலிண்டருக்கே மனிதர் இரண்டு போட்டார். ஒன்று இந்தப் பக்கம் சுற்றும், இன்னொன்று அந்தப் பக்கம் சுற்றும்.

ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்போதைய கார் என்றால் குதிரை வண்டியில் எஞ்சினை முடுக்கி ஓட்டியதுதான். நின்ற இடத்திலேயே உடம்பெல்லாம் நடுங்கும். மற்றவர்கள் அதை விதி என்று விட்டுவிட்டார்கள். இவர் மட்டும் நடுக்கம் எங்கே பிறக்கிறது என்று கணக்குப் போட்டார்.

1901இல் விற்பனைக்கு வந்த காரின் எஞ்சினை மனசில் ஓட்டிப் பார். 4 லிட்டர், 10 குதிரைத்திறன். இரண்டு சிலிண்டர் எதிரெதிராகப் படுத்திருக்கும். நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கிராங்க், கியரால் பிணைத்தது, எதிரெதிர்த் திசையில் சுற்றுவது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு ஒவ்வொரு பிஸ்டனுக்கும் மூன்று, ஆக மொத்தம் ஆறு. ஒரு ராடு பிஸ்டனை இடிக்கும் பக்கவாட்டு விசையை எதிர் ராடு அப்படியே தின்றுவிடும். ஒவ்வொரு கிராங்குக்கும் தனித்தனி ஃபிளைவீல் (கனமான சுழல் சக்கரம்) இருப்பதால் வண்டியைப் புரட்டப் பார்க்கும் எதிர்விசையும் அடங்கிவிடும். நீயும் நானும் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி உருப்போட்ட பேலன்சிங் பாடம் முழுவதையும் அந்த ஆள் இரும்பில் எழுதி ரோட்டில் விட்டிருக்கிறார்.

கார்புரேட்டரில் பெட்ரோலைப் பீச்சும் குட்டித் துளையான ஜெட்டே கிடையாது. பெட்ரோலில் தோய்ந்த திரிகளின் மேல் காற்றை ஓடவிட்டு, அதில் ஏறும் ஆவியை எஞ்சினுக்குக் கொடுத்தார். அன்றைய அழுக்குப் பெட்ரோலில் மற்றவர்கள் வழியில் நின்று ஜெட்டை ஊதிக்கொண்டிருந்தபோது இது பாட்டுக்கு ஓடியது. கியர்பாக்ஸ் எபிசைக்ளிக், ஒரு பல்சக்கரத்தைச் சுற்றி மற்றவை வரும் வகை. பின் ஆக்சிலுக்குத் திருகு மாதிரிப் பல் உள்ள வார்ம் டிரைவ், அதை வெட்டுவதற்கான மிஷினையும் அவரே செய்தார். பேரிங் சரியானது கிடைக்கவில்லை என்றால் பேரிங்கையும் செய்தார். திருகு மரைக்குக்கூடத் தனி அளவு வைத்து, எந்தக் காரின் பாகமும் எந்தக் காரிலும் உட்கார வேண்டும் என்று அளவு பார்க்கும் கேஜ் வைத்துத்தான் வேலை வாங்கினார். பாடி கட்டுகிறவர்கள் "கேஜுக்கெல்லாம் மரவேலை வராது" என்று கையை விரிக்க, அந்தப் பிரிவையும் தானே ஆரம்பித்துவிட்டார். உன் நினைப்புதான் வந்தது. நட்டு வாங்கக் கடைக்கு அனுப்பினால் நட்டு செய்ய லேத்தில் நிற்பவன் நீ.

பிடிவாதமும் உன்னை மாதிரிதான். எல்லோரும் ஸ்டியரிங் சக்கரத்துக்கு மாறிய பிறகும் வெகுநாள் சுக்கான் பிடி மாதிரி ஒரு நெம்புகோலை வைத்துக்கொண்டு, அதுதான் சரி என்று சாதித்தார். இதில் எனக்கு அவர் மேல் மரியாதை இல்லை. வாங்குகிறவன் பயப்படுகிறான் என்றால் அவன் பயத்துக்கும் ஒரு இடம் டிசைனில் இருக்க வேண்டாமா?

நாலு சிலிண்டருக்கு வருகிறேன், உன் தொழிலுக்கு நேரே வரும் இடம் இது. நீ வாங்கப் போகும் மிஷின் சுற்றுகிற எடையைத்தான் சரி பண்ணும். பிஸ்டன் செய்யும் கோளாறை அது தொடாது. ராடு சாய்வதால் பிஸ்டன் மேல்பாதியில் வேகமாகவும் கீழ்ப்பாதியில் நிதானமாகவும் ஓடுகிறதல்லவா, இரண்டு ஏறி இரண்டு இறங்கினாலும் கணக்கு நேராகாது. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை உதறல் மிஞ்சும். அதற்கு லான்செஸ்டர், எடை ஒருபக்கமாக வைத்த இரண்டு சின்ன ஷாஃப்ட்களை எதிரெதிராக, கிராங்கின் இருமடங்கு வேகத்தில் சுற்றவிட்டார். ஆறு சிலிண்டரில் நீளமான கிராங்க் முறுக்கிக்கொண்டு அதிரும் தொல்லை வந்தபோது, எண்ணெயில் வழுக்கும் தட்டுகளோடு ஒரு குட்டி ஃபிளைவீலை முனையில் மாட்டி அந்த அதிர்வைக் குடிக்க வைத்தார். அந்த டேம்பருக்கு 1910இல் காப்புரிமை. ராய்ஸும் தன் பக்கம் இதே தொல்லையோடு மல்லுக்கட்டியவர்தான்.

அந்த ஷாஃப்ட் ஜோடியை மிட்சுபிஷிக்காரர்கள் 1975இல் தூசி தட்டி, ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் வைத்து, சைலன்ட் ஷாஃப்ட் என்று விற்றார்கள். போர்ஷே தன் 944க்கு அவர்களிடம் ராயல்டி கொடுத்துத்தான் அதைப் போட்டது. திருவள்ளூரில் பஜீரோ ஸ்போர்ட் கட்டினார்களே, அதிலிருந்த 4டி56 டீசலிலும் அதேதான். டைமிங் கவருக்குள் இருந்த அந்தக் குட்டி பெல்ட்டு ஞாபகம் இருக்கிறதா? "இது அறுந்து பெரிய பெல்ட்டில் சிக்கினால் எஞ்சினே போச்சு" என்று எத்தனை வண்டியில் கழற்றிக் குப்பையில் போட்டிருப்பாய்! லான்செஸ்டரின் வாழ்நாள் உழைப்பைக் குப்பையில் போட்ட மகாபாவி என்று உன் பெயரை இங்கே ஒரு ஜன்னலில் எழுதி ஒட்டலாமா என்று யோசிக்கிறேன்.

அப்புறம் அவர்கள் குடும்பம்! தங்கை ஈடித், 1895இல், கல்யாணம் செய்துகொள்ளாமலே ஒரு தொழிலாளியோடு சேர்ந்து வாழப் போகிறேன் என்றாள். அப்பாவும் சகோதரர்களும் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் மனநல விடுதியில் அடைத்தார்கள். அதிகப் படிப்புதான் காரணம் என்று டாக்டர் சர்டிபிகேட் வேறு. ஊரே கூச்சல் போட, சில நாளில் வெளியே விட்டார்கள். அவளும் சொன்னபடியே அவனோடு வாழ்ந்தாள். அவள் பெண்தான் ஹாலிவுட் நடிகை எல்சா லான்செஸ்டர். மூத்த அண்ணன் ஹென்றி கட்டடக்கலைஞர். ஜோத்பூர் உமைத் பவன் அரண்மனை அவர் வரைந்தது. நம் சென்னைக்கும் நகரமைப்பு ஆலோசகராக வந்திருக்கிறார். அதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1918இல் வெளிவந்தது. தம்பி எஞ்சின் அதிராமல் பார்த்துக்கொண்டார், அண்ணன் யோசனையைக் கேட்ட பிறகும் நம் ரோடு அதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

நம் ராஜாக்களுக்கும் இந்தக் கார் மேல் பித்து. ரஞ்சி கோப்பைக்குப் பெயர் கொடுத்த ரஞ்சித்சிங்ஜியிடம் லான்செஸ்டர் இருந்தது. ஆல்வார் மகாராஜா 1924இல் ஒன்று செய்வித்தார்: முன்பாதி கார், பின்பாதி பட்டாபிஷேக ரதம். முதல் உலகப் போரில் கவச வண்டியாகி ரஷ்யா வரைக்கும் போயிருக்கிறது. போர் முடிந்து 1919இல் வந்த ஃபார்ட்டி என்ற மாடல் 6.2 லிட்டர், ஆறு சிலிண்டர், வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் எஞ்சின் தலைமேல். விலை ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட்டைவிட அதிகம். அப்போதைய யார்க் கோமகன், பின்னால் ஆறாம் ஜார்ஜ் ஆனாரே, அவர் ஓட்டியதும் லான்செஸ்டர்தான்.

இவ்வளவும் இருந்து என்ன ஆயிற்று? இங்கேதான் என் தூக்கம் கெடுகிறது, சண்முகா.

1899 டிசம்பரில் கம்பெனி தொடங்கியது. 1904இல், கடன்காரர்களுக்காகக் கம்பெனியைப் பொறுப்பெடுக்கும் ரிசீவர் வந்து உட்கார்ந்தார். ஆர்டர் இல்லாமல் இல்லை. ஆர்டர் நிறைய இருந்தது. காரைக் கட்டி முடிக்கும்வரை சம்பளம் கொடுக்கவும் இரும்பு வாங்கவும் கையில் காசுதான் இல்லை. மறுபடி எழுந்தார்கள். ஃபிரெடெரிக்குக்கு டைரக்டர்களோடு ஒத்துப்போகவில்லை. 1909இல் டெய்ம்லருக்கு ஆலோசகராகப் போனார், டிசைனைத் தம்பி ஜார்ஜ் பார்த்துக்கொண்டார். ஜார்ஜ் சளைத்தவர் இல்லை. 1928இல் அவர் கொண்டுவந்த எட்டு சிலிண்டர் வரிசை எஞ்சின், 4.4 லிட்டர், அந்தக் கம்பெனியின் மிக அழகான எஞ்சின் என்பது என் கட்சி. 126 கார்தான் போயிற்று. உலகமே மந்தத்தில் கிடந்த நேரத்தில் பேங்க் 38,000 பவுண்டு ஓவர்டிராஃப்டைத் திருப்பிக் கட்டச் சொன்னது. கட்ட முடியவில்லை. 1931 ஜனவரியில் டெய்ம்லரின் சொந்தக்காரரான பி.எஸ்.ஏ. குழுமம் மொத்தக் கம்பெனியையும் 26,000 பவுண்டுக்கு வாங்கிப் போட்டது. அதன்பின் லான்செஸ்டர் என்பது டெய்ம்லரின் விலை குறைந்த தம்பிக்கு ஒட்டும் பெயர்ப்பலகை. 1950களின் நடுவில் அதுவும் போயிற்று.

ஃபிரெடெரிக், விமானத்தின் இறக்கை எப்படித் தூக்குகிறது என்ற கோட்பாட்டுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர், ராயல் சொசைட்டி உறுப்பினர். கடைசிக் காலத்தில் ஒலிபெருக்கி செய்து விற்கப் பார்த்தார், அதுவும் ஓடவில்லை. பணக் கஷ்டம். பார்வை போயிற்று. பார்க்கின்சன் நோய். நடுக்கத்தோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டவருக்கு அந்த நோய் வந்திருக்க வேண்டாம். 1946இல் போய்ச் சேர்ந்தார்.

இப்போது உன் ஓரத்துக்கு வருகிறேன். மிஷின் வாங்காதே என்று நான் சொல்லவில்லை. கிரைண்டிங் பண்ணிய கிராங்கைப் பேலன்ஸ் பார்க்க வேறு பட்டறைக்கு அனுப்பிவிட்டு நீ பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். ஆனால் ஓ.டி.யில் வாங்காதே. ஓ.டி. என்பது கேட்ட அன்று திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். ரெண்டு மாசம் பார்ட்டி பணம் இழுத்தடித்தால், அல்லது கிளைக்குப் புது மேனேஜர் வந்து உன் முகம் பிடிக்காமல் போனால், மிஷினை உடைத்தா கொடுப்பாய்? மிஷினுக்கு மிஷின் மேலேயே டெர்ம் லோன் கேள், அஞ்சு வருஷத் தவணை போடச் சொல். ஓ.டி.யைச் சம்பளத்துக்கும் சரக்குக்கும் வைத்துக்கொள். டெர்ம் லோனுக்கும் வீட்டுப் பத்திரம்தான் வேண்டும் என்றால் அந்த பேங்க்கை விட்டுவிடு, ஊரில் பேங்க்குக்கா பஞ்சம்? தங்கச்சிக்கு இந்தப் பத்திர விஷயம் தெரியுமா? நீ எழுதியதைப் பார்த்தால் தெரியாது என்றுதான் படுகிறது. சொல்லிவிடு. நான் சொல்லும்படி வைக்காதே.

ஆடிட்டர் மாப்பிள்ளையிடம் பேப்பரைக் காட்டாமல் கையெழுத்துப் போடாதே. அவன் அறுப்பான், கேட்டுக்கொள். இன்னொன்று: பழைய மிஷின் ஏதாவது ஏலத்துக்கு வருகிறதா என்று பீளமேட்டில் விசாரித்தாயா? சென்சாரும் எலக்ட்ரானிக்ஸும் மட்டும் புதிதாக மாற்றினால் பாதி விலையில் முடியும். பெட் நேராக இருக்கிறதா என்று பார்க்க உன்னைவிட ஆள் யார்?

பங்குனியில் வருகிறேன். அதற்குள் கையெழுத்து ஆகிவிட்டது என்று யாராவது எனக்குச் சொன்னால், பார்த்துக்கொள்.

உன்,
ரங்கு

பி.கு.: பேரனுக்குப் பேனா போட்டு வைக்க ஒரு பழைய பிஸ்டன் வேண்டுமாம். 4டி56 இருந்தால் எடுத்து வை. நன்றாகக் கழுவி வை, இங்கே மேஜை விரிப்பு வெள்ளை.