பழைய ஆலயத்துக்குத் திரும்பிப் போகும்போது

ஆசிரியருக்கு வணக்கம்.

விசுவாசம் முளைத்த இடத்தைத் திரும்பப் போய்ப் பார்த்ததாக எழுதுகிறவர்கள் எல்லோரும் ஞாயிறு பள்ளி, பழைய பெஞ்சு, ஞானஸ்நானத் தொட்டி என்று உருகி உருகித்தான் எழுதுகிறார்கள். சரி, உருகட்டும். ஆனால் வேதாகமத்தில் அப்படிப் போனவர்களின் கதையே வேறு. முன்பு கடவுள் தமக்குக் கனவில் தோன்றிய பெத்தேல் என்ற இடத்துக்குத் திரும்பும் முன் யாக்கோபு, வீட்டாரிடம் இருந்த அந்நிய தெய்வங்களையும் காதணிகளையும் வாங்கி, கர்வாலி (ஓக்) மரத்தடியில் புதைக்க வேண்டியிருந்தது. இயேசுவோ தாம் வளர்ந்த நாசரேத்தின் ஜெப ஆலயத்தில் வாசித்துப் பேசினார், கேட்டவர்களே அவரை மலையிலிருந்து தள்ளிவிடப் பார்த்தார்கள்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1742இல் தம் சொந்த ஊரான இங்கிலாந்தின் எப்வொர்த்துக்குப் போனபோது, அவருடைய அப்பா பல வருஷம் குருவாக இருந்த அதே ஆலயத்தில் அவருக்குப் பிரசங்கிக்க இடம் கிடைக்கவில்லை. மனுஷன் சளைக்காமல் வெளியே வந்து அப்பாவின் கல்லறைமேல் ஏறி நின்று பிரசங்கித்தார், அதுவும் ஒரு நாளோடு விடவில்லை, அடுத்தடுத்த மாலைகளிலும்!

போகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாமல் ஒரு ஆராதனையாவது உட்கார்ந்துவிட்டு வரலாம். அப்புறம், அதே ஆலயங்களில் மனம் நொந்து வெளியேறியவர்களும் இருக்கிறார்கள். 'ஒருதடவை போய்ப் பார், எல்லாம் சரியாகிவிடும்' என்று அவர்களை யாரும் நெருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்