இப்போது எட்டு மாதம் வேண்டாம், மகளே

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. அப்பா இப்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தானாகவே நடக்கிறார். பேச்சிலும் நாளுக்கு நாள் தெளிவு கூடிவருகிறது. இயன்முறைச் சிகிச்சையை இன்னும் சில மாதங்கள் விடாமல் தொடர வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வேலையை விட்டுவிட்டு, வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, பேத்தியையும் அழைத்துக்கொண்டு எட்டு மாதம் எங்களோடு வந்து இருக்கப்போவதாக நீ சொன்னதை அப்பாவிடம் சொன்னபோது அவர் கண் கலங்கிவிட்டது. ஆனால் உன் அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பம் முடிவாகாமல் இருக்கும் இந்த நேரத்தில் நீ அப்படி வருவதை நான் விரும்பவில்லை. தொலைபேசியில் இதைச் சொன்னால் இருவரும் அழுதுவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவோம் என்பதால் எழுத்தில் தருகிறேன். உன் அண்ணன் அச்சிட்டுக் கொடுத்த சட்டப் பிரிவையும் விதிகளையும் வரி வரியாகப் படித்த பிறகே எழுதுகிறேன்.

"விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது, வேண்டிய நாள் கணக்கும் நிறைந்துவிட்டது, இனி நான் எங்கே இருந்தால் என்ன?" என்று கேட்டாய். நீ சொல்வதில் பாதி சரி. கிரீன் கார்டு பெற்று ஐந்து ஆண்டுகள் ஆன பின் விண்ணப்பிக்கிறவர், விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 30 மாதங்கள் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும் என்பது ஒரு கணக்கு. அது விண்ணப்பித்த நாளோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் நீ செய்யும் பயணம் அதைக் குறைக்காது. ஆனால் குடியேற்ற, தேசியச் சட்டத்தின் 316ஆம் பிரிவு தொடர் வசிப்பு என்று இன்னொன்றையும் கேட்கிறது. அது விண்ணப்பித்த நாளோடு முடிவதில்லை. விண்ணப்பித்த நாளிலிருந்து குடியுரிமை ஏற்கும் நாள்வரை அங்கேயே தொடர்ந்து வசித்திருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. விண்ணப்பத்துக்குப் பிந்தைய வெளிநாட்டுத் தங்கலையும் அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டுதான் நீ நிம்மதியாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல், ஓராண்டுக்குள் வெளியே தங்கினால், தொடர் வசிப்பு அறுந்துவிட்டது என்றே குடியுரிமை அதிகாரிகள் முதலில் கொள்வார்கள். அறவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு உன்னுடையது. ஓராண்டோ அதற்கு மேலோ ஆகிவிட்டால் மெய்ப்பிக்கவும் வழியில்லை. சில வகை வேலைகளில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே தரப்படும் விலக்கைத் தவிர, மற்றவர்கள் திரும்பிப் போய் நான்கு ஆண்டுகளும் ஒரு நாளும் காத்திருந்து மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். நீ சொல்லும் எட்டு மாதம் முதல் வகையில் வருகிறது. இங்கேதான் உன்னை நிதானமாகப் படிக்கச் சொல்கிறேன். வசிப்பு அறவில்லை என்று காட்ட விதிகள் எடுத்துக்காட்டாகச் சொல்லும் சான்றுகள் இவை: அமெரிக்காவில் இருந்த வேலையை விடாமலும் வெளிநாட்டில் வேலை தேடிக்கொள்ளாமலும் இருந்தது, நெருங்கிய குடும்பத்தினர் அங்கேயே இருந்தது, அங்குள்ள வீடு எந்நேரமும் நீ போய் இருக்கக்கூடியதாக உன் கையில் இருந்தது. நீயோ வேலையை விடுகிறேன் என்கிறாய், பேத்தியைப் பள்ளியிலிருந்து நிறுத்தி அழைத்துவருகிறேன் என்கிறாய், வீட்டை வாடகைக்குக் கொடுக்கிறேன் என்கிறாய். உன்னைக் காப்பாற்றக்கூடிய சான்றுகளை ஒன்றுவிடாமல் உன் கையாலேயே அழித்துவிட்டுப் புறப்படத் திட்டமிட்டிருக்கிறாய், மகளே. அப்பாவுக்காகச் செய்கிறாய் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நேர்காணலில் எதிரே அமர்ந்திருக்கும் அதிகாரி உன் பாசத்தை அளக்கப் போவதில்லை, உன் வீடு எந்த நாட்டில் இருந்தது என்பதைத்தான் பார்ப்பார். தந்தையின் நோயைக் காரணமாகக் காட்டலாம், அதை ஏற்கவும் செய்யலாம். ஆனால் அது அந்த ஒருவரின் மனநிறைவைப் பொறுத்தது. இத்தனை ஆண்டு உழைப்பை அப்படி ஒருவர் கையில் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஐந்து மாதம் தங்கிவிட்டு, ஒரு வாரம் அங்கே தலையைக் காட்டிவிட்டு, மறுபடி ஐந்து மாதம் வரலாம் என்று உன் தோழி சொன்ன யோசனையும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு பயணமும் ஆறு மாதத்துக்குள் அடங்கினாலும், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, அங்கே உனக்கு உண்மையான குடியிருப்பே இல்லை என்ற முடிவுக்கு வர அவர்களுக்கு இடமிருக்கிறது. மறுநுழைவு அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று உன் சித்தப்பாவும் சொன்னார். நெடுநாள் வெளியே இருந்தவர் கிரீன் கார்டுக்காரராகத் திரும்பி நுழைய அது உதவும். குடியுரிமைக்கான தொடர் வசிப்பை அது காப்பாற்றாது.

அடுத்தது, அங்கிருந்து வரக்கூடிய கடிதங்கள். விரல்ரேகை கொடுத்து முடித்துவிட்டாய். இனி வரவேண்டியது நேர்காணல் அழைப்பு. அது எந்த வாரம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நாளில் போகாமலும், முப்பது நாளுக்குள் காரணத்தைத் தெரிவிக்காமலும் இருந்தால், முடிவு எதுவும் சொல்லாமலே விண்ணப்பத்தை மூடிவைத்துவிடுவார்கள். அப்படி மூடிய பின் ஓராண்டுக்குள் எழுத்தில் கேட்டால்தான் மீண்டும் திறப்பார்கள், கேட்காவிட்டால் தள்ளுபடி. ஆகவே நீ எத்தனை நாள் இங்கே இருந்தாலும், மாப்பிள்ளை தினமும் தபால் பெட்டியைப் பார்க்கவேண்டும். விண்ணப்பத்துக்கான இணையக் கணக்கை நீயே திறந்து பார்க்கவேண்டும். அழைப்பு வந்துவிட்டால், அப்பாவின் சிகிச்சை எந்தக் கட்டத்தில் இருந்தாலும், அடுத்த விமானத்தில் நீ கிளம்ப வேண்டும். தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்தான். ஆனால் புதிய தேதி எப்போது கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை.

இவ்வளவையும் சொல்லி உன்னை வரவேண்டாம் என்று தடுக்கவில்லை. வா. எப்படி வருவது என்பதற்குத்தான் ஒரு வழி சொல்கிறேன். குடும்ப, மருத்துவ விடுப்புக்காக அமெரிக்காவில் 1993இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். கடுமையான உடல்நலக் குறைவில் இருக்கும் தாய் தந்தையரைப் பார்த்துக்கொள்ள, ஓராண்டில் 12 வாரம்வரை வேலை பறிபோகாமல் விடுப்பு எடுக்க அது உரிமை தருகிறது. சம்பளம் கிடையாது, ஆனால் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு தொடரும். ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில், குறைந்தது ஓராண்டு பணியில் இருந்து, கடந்த பன்னிரண்டு மாதங்களில் 1,250 மணி நேரம் வேலை செய்தவருக்கு இது பொருந்தும். உனக்குப் பொருந்தும் என்றே நம்புகிறேன், நிறுவனத்தில் கேட்டு உறுதி செய்துகொள். நோயாளி வேறு நாட்டில் வசித்தால் அந்த நாட்டு மருத்துவர் தரும் சான்றிதழையே ஏற்கவேண்டும் என்று அதன் விதிகளில் இருக்கிறது. ஆகவே எட்டு வாரம் வந்து இரு. மீதி நான்கு வாரத்தை, அப்பாவுக்கு மறுபடி தேவைப்பட்டால் என்று கையில் வைத்துக்கொள். மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கேயே இருக்கட்டும். பேத்தியை மடியில் வைத்துக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தும் சொல்கிறேன், அவள் பள்ளிக்கூடம் தடைபட வேண்டாம். நீ இல்லாத மாதங்களில் அண்ணன் இருக்கிறான், பகலில் பணிவிடைக்கு ஓர் அம்மாவும் வந்துபோகிறார்.

வரும்போது கிரீன் கார்டையும் விண்ணப்பத்துக்கான ரசீது அறிவிப்பின் மூலத்தையும் கைப்பையிலேயே வைத்துக்கொள். உன் அட்டையின் காலம் விரைவில் முடியப்போகிறது என்றாய். 2022 டிசம்பர் 12 முதல் குடியுரிமை விண்ணப்பமான என்-400 படிவம் கொடுத்தவர்களுக்கு, அந்த ரசீதே கிரீன் கார்டின் காலத்தை 24 மாதம் நீட்டித்துத் தருகிறது. அட்டையும் ரசீதும் சேர்ந்து இருந்தால்தான் அது செல்லும். இன்னொரு எண்ணையும் நினைவில் வை: 180 நாளுக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்துவிட்டுத் திரும்பும் கிரீன் கார்டுக்காரரை, புதிதாக அனுமதி கேட்டு வருபவரைப் போல விசாரிக்கச் சட்டம் இடம் தருகிறது. குடியுரிமை ஒருபுறம் இருக்க, விமான நிலையத்திலேயே உனக்குத் தொல்லை வரக்கூடாது. நீ இங்கே இருக்கும்போதும் அங்குள்ள வீடு, மின்கட்டணம், வேலை எல்லாம் உன் பெயரிலேயே தொடரட்டும். வருமானவரிப் படிவத்தில் ஒருபோதும் உன்னை அங்கே வசிக்காதவள் என்று காட்டிவிடாதே. அந்த ஒரு தாளே உனக்கு எதிரான சான்றாகிவிடும்.

நேர்காணலில் விண்ணப்பத்துக்குப் பிறகான பயணங்களையும் கேட்பார்கள். புறப்பட்ட நாள், திரும்பிய நாள், காரணம் எல்லாவற்றையும் இப்போதே எழுதி வைத்து உள்ளது உள்ளபடி சொல். நேர்காணல் முடிந்து, குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் நாளன்று நீ நிரப்பித் தரும் என்-445 படிவத்திலும், நேர்காணலுக்குப் பின் வெளிநாடு போனாயா என்று மறுபடி கேட்கப்படும். சிலர் சிறிய பயணத்தை விட்டுவிடலாம் என்று சொல்வார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதே. பயணம் போனது குற்றமில்லை. பலன் பெறுவதற்காகச் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னால், நன்னடத்தை இல்லாதவள் என்று தீர்ப்பாகும்.

உறுதிமொழி எடுக்கும் நாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று கிரீன் கார்டை வாங்கிக்கொண்டு சான்றிதழ் தருவார்கள். அந்த நிமிடம் முதல் இந்தியச் சட்டப்படி நீ இந்தியக் குடிமகள் இல்லை. நம் அரசியலமைப்பின் 9ஆம் பிரிவும் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் இரட்டைக் குடியுரிமைக்கு இடம் தரவில்லை. அதன்பின் இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்யக்கூடாது, அதை ஒப்படைத்துவிட வேண்டும். அமெரிக்கப் பாஸ்போர்ட் கைக்கு வந்து, இந்தியாவுக்கு விசாவோ, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையோ கிடைக்கும்வரை நீ இங்கே வர முடியாது. எனவே உறுதிமொழிக்கு மறு வாரமே வருகிறேன் என்று பயணச்சீட்டு எடுத்துவிடாதே. அந்த இடைவெளியில் அப்பாவுக்கு ஏதேனும் ஆகிவிட்டால் என்ன செய்வது என்று உன் மனம் பதறும்; என் மனமும் பதறுகிறது. நெருங்கிய உறவினரின் உயிருக்கு ஆபத்து என்றால் விரைவாகப் பாஸ்போர்ட் தர அங்கே தனி ஏற்பாடு இருக்கிறது. உறுதிமொழி எடுத்த அன்றே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிடு.

நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் ஒன்றுதான். கிரீன் கார்டோடு இருக்கும்வரை, எங்களிடம் வரும் ஒவ்வொரு முறையும் நீ நாட்களை எண்ணிக்கொண்டேதான் இருப்பாய். எங்களுக்கு இனி வயது ஏறத்தான் போகிறது. உன் துணை அதிகம் தேவைப்படும் காலம் இன்னும் வரவில்லை என்றே நான் நினைக்கிறேன். குடியுரிமை கிடைத்தபின் எத்தனை மாதம் வெளியே தங்கினாலும் அந்தக் காரணத்துக்காக யாரும் அதைப் பறிக்க முடியாது. ஓசிஐ அட்டை இருந்தால் இங்கே தங்கவும் கால வரம்பு கிடையாது. இப்போது எட்டு மாதம் வந்து அந்த வாய்ப்பை இழந்தால், அப்பாவுக்கு உண்மையிலேயே நீ பக்கத்தில் வேண்டியிருக்கும் ஆண்டில் உன்னால் வர முடியாமல் போகலாம். அப்பாவும் இதையேதான் சொல்லச் சொன்னார். வார்த்தை தடுமாறினாலும் முழுதாகச் சொல்லி முடித்தார்.

மருத்துவரிடம் சான்றிதழ் கேட்டிருக்கிறேன். வியாழக்கிழமைக்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறார். உன் நிறுவனம் தனியாக ஏதேனும் படிவம் வைத்திருந்தால் உடனே அண்ணனுக்கு அனுப்பு, அதிலேயே எழுதி வாங்கிவிடுகிறோம். விடுப்பு உறுதியான பிறகு, போகவும் வரவும் சேர்த்தே பயணச்சீட்டு எடு. திரும்பும் தேதியை எனக்கும் தெரியப்படுத்து.

அன்புடன்,
அம்மா