ஓதமேறும் சுவர்களும் தீராத இளைப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும், காவிரி டெல்டா கிராமங்களில் குழந்தைகளுக்கு இளைப்பு கண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது ஆண்டுதோறும் நடப்பதுதான். அங்கே நெபுலைசர் வைத்து மருந்து கொடுத்து அனுப்புகிறார்கள். ஆனால் அந்தக் குழந்தை வீடு திரும்பிப் படுக்கும் அறையின் சுவர் எப்படி இருக்கிறது என்று எவரும் விசாரிப்பதில்லை.

எங்கள் பகுதியின் பழைய தொகுப்பு வீடுகளில் தளம் ஒழுகுவதும் சுவரில் ஓதமேறுவதும் புதிதல்ல. பீரோவை ஒரு சாண் நகர்த்திப் பார்த்தால், தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்குக் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம் பூத்திருக்கும். சுருட்டி வைத்த பாயிலும் அதே நெடி அடிக்கும். வெளியே மழை என்பதால் துவைத்த துணியும் உள்ளேயே கொடியில் கிடக்கும். போதாக்குறைக்கு, குறுவை அறுவடை மழையில் சிக்கிவிட்டால், கொள்முதல் நிலையத்தின் 17 விழுக்காடு ஈரப்பத வரம்புக்குள் வராத நெல்லும் கூடத்தில் குவிந்துவிடுகிறது. பூஞ்சணம் பிடித்த அந்த நெல்லைக் கிளறும்போது எழும் தூசி பெரியவர்களின் நுரையீரலையும் பாதிக்கக்கூடியது.

ஆஸ்பர்ஜில்லஸ், கிளாடோஸ்போரியம், பெனிசிலியம் போன்ற பூஞ்சைகளின் வித்துகள் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதந்து, ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஓயாத தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு, இருமல் ஆகியவற்றை உண்டாக்குகின்றன. ஆஸ்துமா உள்ளவர்களுக்கோ இளைப்பைத் தூண்டிவிடுகின்றன. ஈரமும் பூஞ்சையும் மண்டிய வீடுகளில் வசிப்போருக்குச் சுவாசக் கோளாறுகள் வரும் வாய்ப்பு கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. (2021-இல் நம்மைக் கலங்கடித்த 'கருப்புப் பூஞ்சை' நோயோடு சுவர்க் கறையைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு நோய்.)

நாமோ பொங்கலுக்கு அதன்மேல் வெள்ளையடித்துவிடுகிறோம். அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் மீண்டும் பூக்கிறது. காய்ந்த துடைப்பத்தால் தட்டுவது இன்னும் கேடு, வித்துகள் வீடெங்கும் பரவிவிடும். முகக்கவசம் அணிந்து, சன்னலைத் திறந்துவைத்து, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி நன்றாக உலரவிட வேண்டும். பிளீச்சிங் பவுடரால் பூஞ்சை செத்தாலும், செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைத் தூண்டும் என்பதால் அதை அகற்றியே ஆக வேண்டும். இவை எல்லாம் ஒழுகலை அடைக்கும் வரைதான். தளத்தைப் பழுதுபார்க்கும் செலவு விவசாயக் கூலித் தொழிலாளியின் கைக்கு எட்டுவதா?

எனவே, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள், இளைப்பு நோயாளி உள்ள வீடுகளில் சுவரின் நிலையையும் குறித்துக்கொள்ள மக்கள் நல்வாழ்வுத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். அவ்வாறு கண்டறியப்படும் தொகுப்பு வீடுகளின் தளப்பூச்சையும் ஓதத் தடுப்புப் பணியையும் ஆடி, ஆவணிக்குள் முடித்துத் தர ஊரக வளர்ச்சித் துறை ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.