நிறுத்தும் மென்பொருளுக்கு ஒரு கடைசிப் பதிப்பு வேண்டும்

புகைப்பட மென்பொருள் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். புதுக் கணினிக்கு மாறும்போது பழைய படங்கள் எல்லாம் பத்திரமாக வந்துவிடுகின்றன. அவற்றைத் திருத்தப் பயன்படுத்திய மென்பொருள்தான் வர மறுக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

எந்த மென்பொருளையும் காலம் முழுக்கப் பராமரிக்கச் சொல்லவில்லை. ஆப்பிள் அபெர்ச்சரைக் கைவிட்டது, கூகுள் 2016-இல் பிக்காசாவை நிறுத்தியது. வருத்தம்தான், ஆனாலும் அது உங்கள் முடிவு. இயங்குதளங்களும் மாறத்தான் செய்யும். 2019-இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவில் 32-பிட் செயலிகள் திறப்பதே இல்லை. விண்டோஸ் 11, 64-பிட்டாக மட்டுமே வருகிறது. 32-பிட் நிரல்கள் அதில் ஓடும், அதைவிடப் பழைய 16-பிட் நிரல்களுக்கு இடமில்லை. தொண்ணூறுகளின் சில மென்பொருள்கள் 32-பிட்தான், அவற்றை நிறுவித் தரும் இன்ஸ்டாலர் மட்டும் 16-பிட். ஓடக்கூடிய மென்பொருளை நிறுவவே முடியாமல் போவது இப்படித்தான்.

சரி, இதையெல்லாம் ஓரளவு சமாளித்துவிடலாம். பழைய விண்டோஸை ஒரு விர்ச்சுவல் மெஷினில், அதாவது கணினிக்குள் ஓடும் பாவனைக் கணினியில் ஏற்றி வேலையை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நேர்மையான பயனரால் தாண்ட முடியாதது ஆக்டிவேஷன், அதாவது வாங்கிய பிரதிதானா என்று நிறுவனத்திடம் சரிபார்க்கும் படி. நிறுவி முடித்ததும் மென்பொருள் உங்கள் சர்வரைத் தேடுகிறது. அந்த சர்வரை நீங்கள் எப்போதோ நிறுத்திவிட்டீர்கள். பணம் கொடுத்து வாங்கி, சீரியல் எண்ணையும் பத்திரமாக வைத்திருப்பவர் வெளியே நிற்கிறார். கிராக் செய்த பிரதி வைத்திருப்பவருக்கு ஒரு தடையும் இல்லை. இது நியாயமே இல்லை.

முடியாத காரியம் ஒன்றையும் கேட்கவில்லை. 2013-இல், ஃபோட்டோஷாப் அடங்கிய சிஎஸ்2 தொகுப்புக்கான ஆக்டிவேஷன் சர்வரை நிறுத்தியபோது, அதை வாங்கியிருந்தவர்களுக்காக ஆக்டிவேஷன் கேட்காத பதிப்பை அடோபி வெளியிட்டது. அதையே எல்லாரும் வழக்கமாக்குங்கள் என்கிறேன்.

அப்புறம், திருத்தங்கள். எனக்கு இதுதான் பெரிய கவலை. லைட்ரூம் போன்றவை மூலப் படத்தைத் தொடுவதில்லை. வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, இந்த ஓரத்தை வெட்டு என்ற கட்டளைகளை மட்டும் கேட்டலாக் என்ற தங்கள் தரவுத்தளத்தில் எழுதி வைக்கின்றன. நல்ல ஏற்பாடு, மென்பொருள் திறக்கும்வரை. அது திறக்காத அன்று கேமரா பதிந்த மூலமான ரா கோப்பு கையில் இருக்கும், அதன்மேல் செய்த வேலை இருக்காது. அந்தக் கட்டளைகளை, படத்தைப் பற்றிய தகவல்களை எழுதி வைக்கும் எக்ஸ்எம்பி கோப்பாக எடுத்து வைத்திருந்தாலும் பாதிதான் பயன்: மதிப்பெண், குறிச்சொல் எல்லாம் வேறு மென்பொருளுக்குப் போகும்; நிறமும் வெளிச்சமும் அப்படியே போகாது. ஒவ்வொரு மென்பொருளும் அதே எண்ணைத் தன் வழியில் கணக்கிடுகிறது. பிக்காசா தன் திருத்தங்களை அந்தந்த ஃபோல்டரிலேயே சாதாரண உரைக் கோப்பில் வைத்தது. அதனால்தான் அது நின்ற பிறகும் ஆர்வலர்கள் சிறு நிரல்கள் எழுதி அந்தத் தகவல்களை மீட்க முடிந்தது.

ஆகவே, நிறுத்துவதாக அறிவிக்கும் அதே நாளில் இரண்டைத் தாருங்கள். ஒன்று, எந்த சர்வரையும் கேட்காத கடைசிப் பதிப்பு. இரண்டு, திருத்திய படங்கள் அனைத்தையும் முழுத் தரத்தில் டிஃப் கோப்புகளாகவும், குறிச்சொற்களை எக்ஸ்எம்பியாகவும் ஒரே சொடுக்கில் வெளியே எடுக்கும் வசதி. அதற்குப் பிறகு உதவி எண் வேண்டாம், புதுப்பிப்பும் வேண்டாம். எந்தக் கணினியில் ஓட்டுவது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்களில் ஒருவர்