நாற்காலி போட்டு வைத்த அக்காவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

வெண்ணாற்றங்கரைச் சொந்தங்களுக்கு வணக்கம்.

நேற்று இரவு கபடிப் போட்டிக்கான படிவத்தில் 'அணி மேலாளர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். 11 வருஷமாக ஆட்டக்காரர் பட்டியலில்தான் என் பெயர் இருந்தது. பேனா பிடித்த கை நடுங்கியது. வீட்டுக்கு வந்தும் தூக்கம் பிடிக்கவில்லை, இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மாசி மாதத்து ஆட்டத்தில் எனக்குக் காலில் அடிபட்ட அந்த ராத்திரியைப் பற்றி மறுபடி சொல்ல வேண்டியதில்லை. திடலில் நீங்கள்தான் இருந்தீர்கள், என்னைத் தூக்கி வேனில் ஏற்றியதும் நீங்கள்தான். அன்று ரெய்டு பாடி வந்த தம்பிக்கு மட்டும் ஒரு வார்த்தை: கால் ஏற்கெனவே வீங்கித்தான் இருந்தது. துணி சுற்றி மறைத்துக்கொண்டு இறங்கியவன் நான். உன் மேல் எந்தக் குற்றமும் இல்லையப்பா. அதையே நினைத்து ஆடாமல் இருந்துவிடாதே.

ஆபரேஷனுக்குப் பணம் திரட்டிய மன்றத்துத் தம்பிகள், சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் அனுப்பிய அண்ணன்கள், தஞ்சாவூரில் பார்த்த டாக்டர், பிசியோதெரபிக்குப் போன நாளெல்லாம் முன் சீட்டை எனக்காகப் பிடித்து வைத்து, நான் ஊன்றுகோலோடு இறங்கி முடிக்கும்வரை விசில் கொடுக்காமல் நின்ற கண்டக்டர், ஒரத்தநாட்டுப் பக்கமிருந்து பழத்தோடு வந்து பார்த்த எதிரணிக்காரர்கள், எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன்.

ஆனால் திடலோரம் இட்லிக்கடை வைத்திருக்கும் அக்காவைப் பற்றி இங்கே சொல்லியே ஆகவேண்டும்.

அக்காவுக்கும் எங்களுக்கும் எத்தனை வருஷத்துச் சண்டை என்று ஊருக்கே தெரியும். நாங்கள் ஆடினால் மண் பறக்கும், மாவுச் சட்டியில் விழும். "ஆத்துப் பக்கம் போய் ஆடுங்கடா" என்று கரண்டியோடு வருவார்கள். கால் போன பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. சாயங்காலம் விசில் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுவேன். அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள்.

ஒருநாள் அஞ்சு மணிக்கு அக்கா வாசலில் நின்றார்கள். "நாற்காலி போட்டாச்சு, வாங்க தம்பி. சொல்றதுக்கு ஆளில்லாம பசங்க வெறும் தூசியத்தான் கெளப்புறானுங்க." அவ்வளவுதான் சொன்னார்கள், திரும்பிப் போய்விட்டார்கள். நான் அன்றைக்குப் போகவில்லை. மறுநாளும் அதேபோல வந்தார்கள். நாலாவது நாள் போனேன்.

வேப்பமரத்தடியில் கடையின் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. முதுகுப் பக்கம் விரிசல் விட்டு, கம்பியால் தைத்திருந்தது. அதற்கு முன்னால் இரண்டு செங்கல், அதன் மேல் நாலாக மடித்த சாக்கு. கட்டுப்போட்ட காலை நீட்டி வைக்கச் சரியான உயரம். யார் அளந்து சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தச் சாக்கைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். அக்கா கடைக்குள் போய்விட்டார்கள். அதற்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

ஆறு மாதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கோட்டுக்குள் நிற்கும்போது ரெய்டரின் காலைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் பட்டதில்லை. வெளியே உட்கார்ந்த பிறகுதான் மற்ற ஆறு பேரும் தெரிந்தார்கள். எவன் முன்கால் மேல் பாரத்தைப் போட்டு நிற்கிறான், எவன் ரெய்டருக்குக் கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நிற்பவன் கையை விட்டுவிடுகிறான், எவன் மத்தியானம் சாப்பிடாமல் வந்திருக்கிறான். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். மன்றத்தார் அந்த நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

நம் தஞ்சை மண்ணின் தர்மராஜ் சேரலாதன் 2016-இல் புரோ கபடி லீக்கில் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வாங்கியபோது அவருக்கு வயது 40-ஐத் தாண்டியிருந்தது. அதே வருஷம் கபடி உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். நானும் அதுவரை ஆடுவேன் என்று நம்பியிருந்தேன். 31-லேயே முடிந்துவிட்டது. வலிக்கத்தான் செய்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். வீங்கிய காலை மறைத்துக்கொண்டு என் அணியில் இனி ஒரு பையனும் இறங்க மாட்டான். ஆட்டத்துக்கு முன் ஒவ்வொருவன் முட்டியையும் நானே தொட்டுப் பார்ப்பேன். எடை குறைக்க இரண்டு நாள் பட்டினி கிடக்கவும் விடமாட்டேன். 65 கிலோவுக்கு மேல் இருந்தால் அடுத்த எடைப் பிரிவில் ஆடட்டும். இதனால் தோற்றால் தோற்ற பழி என்னைச் சேரட்டும்.

தம்பிகளே, சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எடை பார்க்கப் போகிறோம், ஆதார் நகலை மறக்காதீர்கள்.

அப்புறம், அக்கா. இனி தினமும் நாலரைக்கே திடல் முழுக்கத் தண்ணீர் தெளித்துவிடுவோம். அது காய்ந்து பதமான பிறகுதான் ஆட்டம். உங்கள் மாவில் இனி மண் விழாது.