'ஆல்ட் லாங் சைன்' மெட்டைக் கற்றுத்தரும் இசையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி இசையாசிரியர்களுக்கும் பேண்டு மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

பிரிவுபசார விழாக்களிலும் டிசம்பர் 31 இரவுகளிலும் இந்த ஸ்காட்லாந்து மெட்டு பெரும்பாலும் இழுத்து இழுத்து, இரங்கல் கூட்டத்துப் பாட்டுப் போல வாசிக்கப்படுகிறது. 'ராபர்ட் பர்ன்ஸ் எழுதி இசையமைத்தது' என்ற அறிவிப்பும் கூடவே வருகிறது. இரண்டையும் திருத்திக்கொள்ளும்படி கேட்கவே இந்த மடல். இது ஆட்டக்காரர்களின் கால்களுக்காகப் பிறந்த மெட்டு. ஸ்காட்லாந்துக் கவிஞரான பர்ன்ஸ் இந்த மெட்டை இயற்றவில்லை. தம் வரிகள் இந்த மெட்டோடு அச்சாகி வந்ததை அவர் பார்க்கவுமில்லை.

முதலில் வரிகள். 'பழைய நட்பை மறக்கலாமா' என்று தொடங்கும் பாட்டு பர்ன்ஸுக்கு முன்பே இருந்தது. எடின்பரோவில் ஜேம்ஸ் வாட்சன் 1711-இல் அச்சிட்ட தொகுப்பில் ஒரு வடிவம் கிடைக்கிறது. அது கைவிட்ட காதலியை நினைத்துப் புலம்பும் பாட்டு. 1720-இல் ஆலன் ராம்சே இன்னொரு காதல் பாட்டை அதே தொடக்கத்தோடு எழுதினார். பர்ன்ஸ் 1788 டிசம்பரில் தம் தோழி டன்லப் அம்மையாருக்கு எழுதிய கடிதத்தில் தம்முடைய வடிவத்தை அனுப்பி, இதை இயற்றிய பழைய கவிஞனை வாழ்த்தினார். 1793-இல் ஜார்ஜ் தாம்சன் என்ற பதிப்பாளருக்கு எழுதியபோது, ஒரு முதியவர் பாடக் கேட்டு எழுதிக்கொண்டேன், இதுவரை அச்சிலோ கைப்பிரதியிலோ வந்ததில்லை என்றார். வாட்சனின் அச்சு இருக்கும்போது இதை அப்படியே ஏற்க முடியாது. பல்லவியும் முதல் கண்ணியின் கருவும் பழையவை. மலைச்சரிவில் பூப்பறித்ததும் ஓடையில் கால் நனைத்ததும் வரும் இரண்டு கண்ணிகள் பர்ன்ஸின் சொந்தக் கை என்றே ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எங்கள் கணிப்பும் அதுதான். பாட்டின் உயிர் அந்த இரண்டு கண்ணிகளில் இருக்கிறது. விழாக்களில் விட்டுவிடுவதும் அவற்றைத்தான்.

அடுத்து மெட்டு. பர்ன்ஸ் வரிகளை அனுப்பிவைத்த ஜேம்ஸ் ஜான்சனின் 'ஸ்காட்ஸ் மியூசிகல் மியூசியம்' தொகுப்பின் 5-ஆம் பகுதியில், 413-ஆம் பாட்டாக, 1796-இல் இது வெளிவந்தது. அந்த ஆண்டு ஜூலை 21-இலேயே பர்ன்ஸ் இறந்துவிட்டார். அங்கே அச்சான மெட்டு இன்று நாம் கேட்பது அல்ல. வேறொரு பழைய மெட்டு. அது சுமாரான மெட்டு என்று பர்ன்ஸே தாம்சனிடம் சொல்லியிருந்தார். தாம்சன் அதை விட்டுவிட்டு, 1799-இல் இன்றைய மெட்டோடு வரிகளைச் சேர்த்து அச்சிட்டார். உலகம் பிடித்துக்கொண்டது அந்தச் சேர்க்கையைத்தான்.

இன்றைய மெட்டின் தலைமுறை இன்னும் பின்னே போகிறது. ராபர்ட் பிரெம்னர் 1750களின் பிற்பகுதியில் வெளியிடத் தொடங்கிய ஸ்காட்லாந்து ஆட்ட இசைத் தொகுப்பில் 'மில்லரின் கல்யாணம்' என்றொரு ஸ்ட்ராத்ஸ்பே (ஒருவகை ஆட்ட மெட்டு) இருக்கிறது. வாசித்துப் பார்த்தால் உறவு உடனே தெரியும். ஜான்சன் 1792-இல் வெளியிட்ட 4-ஆம் பகுதியில் இதே குடும்பத்து மெட்டு, உழவு வேலைக்கு ஆள் அமர்த்துவது பற்றிய வேறொரு பாட்டுக்கு வந்திருக்கிறது. இன்றைய மெட்டை இயற்றியவர் ஆங்கில இசையமைப்பாளர் வில்லியம் ஷீல்ட் என்றும் ஒரு கதை உண்டு. அவருடைய 'ரோசினா' இசைநாடகம் லண்டன் கோவன்ட் கார்டனில் முதன்முதலாக அரங்கேறியது 1782 டிசம்பர் 31 இரவு. அதன் முன்னிசையின் முடிவில் இந்த மெட்டு பேக்பைப் எனும் பைக் குழலைப் போல ஒலிக்கிறது. தேதிப் பொருத்தம் அழகுதான். ஆனால் பிரெம்னரின் அச்சு அதற்கு இருபது ஆண்டுக்கு மேல் முந்தியது. ஷீல்ட் எடுத்தாண்டவர், அவ்வளவே.

ஸ்ட்ராத்ஸ்பே என்பது நான்கு தட்டு ஆட்டம். சுரங்கள் நெடில்-குறில், குறில்-நெடில் என்று வெட்டி வெட்டி வரும். இன்றைய மெட்டில் குறில்-நெடில் வெட்டு பெரும்பாலும் மழுங்கிவிட்டது. நெடில்-குறில் மட்டும் தங்கியிருக்கிறது. அதையும் சமமாக்கினால் மெட்டு செத்துவிடும். ஒவ்வோர் ஆவர்த்தத்திலும் முதல் சுரத்துக்கு ஒன்றரைத் தட்டு, இரண்டாவதற்கு அரைத் தட்டு, பிறகு ஒன்று, ஒன்று. நான்கையும் ஒரே அளவாக வாசிப்பதுதான் நம் பேண்டுகளில் அதிகம் நடக்கும் தவறு. வேகம் நிமிடத்துக்கு 90 முதல் 100 தட்டு வரை இருக்கட்டும். 60-க்குக் கீழே போனால் பிள்ளைகளுக்கு மூச்சுப் போதாது. வாக்கியத்தின் நடுவில் உடைப்பார்கள்.

சுரங்கள் ஐந்தே: ஸ ரி க ப த. மத்யமமும் நிஷாதமும் இல்லாததால் மோகனம் தெரிந்த பிள்ளைக்கு ஒரே நாளில் வந்துவிடும். தொடக்கம் மந்தர பஞ்சமம். பிறகு ஸ ஸ ஸ க | ரி ஸ ரி க | ஸ ஸ க ப | த. இறங்கும்போது ப க க ஸ | ரி ஸ ரி க | ஸ, மந்தர த த ப | ஸ. அந்த முதல் பஞ்சமம் அதீத எடுப்பு: சமத்துக்கு, அதாவது தாளம் தொடங்கும் தட்டுக்கு, ஒரு தட்டு முன்னால் விழ வேண்டும். அதைச் சமத்திலேயே போட்டால் பாட்டு முழுவதும் ஒரு தட்டு நொண்டும். மோகனம் என்பதற்காகக் காந்தாரத்தை அசைக்க வேண்டாம்; நேர்சுரமாக நிற்கட்டும்.

சுருதி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மெட்டு மந்தர பஞ்சமத்திலிருந்து மத்திய ஸ்தாயி தைவதம் வரை போகிறது. ஒரு கட்டையில் வைத்தால் சின்னப் பிள்ளைகளுக்குக் கீழ்ச்சுரம் எட்டாது. முதல் சொல்லே காற்றாகிவிடும். நாலு கட்டை பொருத்தம். பைக் குழலில் மொத்தம் ஒன்பது சுரங்கள்தான். இரண்டு கட்டையில் வாசித்தால் மேல் தைவதம் அதில் கிடையாது. அங்கே சுரத்தை மாற்றித்தான் வாசித்தாக வேண்டும், அதைத் தவறென்று திருத்தாதீர்கள்.

சொற்களில் தடுக்கும் இடங்கள் சில. 'சைன்' என்பதில் 'ஸ' ஒலிதான், 'ஜைன்' அல்ல. நீண்ட நாளைக்கு முன் என்று பொருள். 'பர்ன்' என்றால் எரிவது அல்ல, ஓடை. 'ஃபியர்' என்று வருவது பயம் அல்ல, தோழன். 'ஃபார் ஆல்ட் லாங் சைன்' என்பதற்கு நடுவில் 'த சேக் ஆஃப்' என்று நுழைப்பது பின்னாளில் வந்த ஒட்டு. பர்ன்ஸின் வரியில் இல்லை. நீக்கிவிட்டால் தாளமும் இளைப்பாறும்.

வருடப் பிறப்போடு இதை இணைத்தது 1929-இல் நியூயார்க் வானொலியில் வாசித்த 'கை லொம்பார்டோ' என்ற இசைக்குழுத் தலைவர் என்பார்கள். அவர் அதை அமெரிக்கா முழுவதும் பரப்பியவர். ஸ்காட்லாந்தில் அதற்கு வெகு முன்பே வழக்கம் இருந்தது. அங்கே சீர்திருத்தச் சபை கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தை ஒடுக்கியதால் வருடக் கடைசி இரவான ஹாக்மனேதான் பெரிய பண்டிகை. கிறிஸ்துமஸ் பொது விடுமுறையானதே 1958-இல்தான். பிரிவுக்கு வாசிப்பதும் தவறில்லை: பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயிற்சி முடித்தவர்கள் கடைசி அடி எடுத்துவைப்பது இந்த மெட்டுக்குத்தான்.

கைகோக்கும் முறையையும் கவனியுங்கள். தொடக்கத்திலேயே கைகளைக் குறுக்கே போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். வட்டமாக நின்று, பக்கத்தில் இருப்பவரின் கையைச் சாதாரணமாகப் பிடித்திருந்தால் போதும். 'இதோ என் கை, தோழா' என்ற கடைசிக் கண்ணி வரும்போதுதான் வலக்கையை இடப்பக்கத்தவருக்கும் இடக்கையை வலப்பக்கத்தவருக்கும் நீட்ட வேண்டும். அந்த வரிக்குத்தான் அந்தச் செய்கை.

இந்த ஆண்டு நிகழ்ச்சி நிரலில் இப்படி அச்சிடுங்கள்: 'மெட்டு: ஸ்காட்லாந்து மரபு ஆட்ட இசை. வரிகள்: மரபும் ராபர்ட் பர்ன்ஸும்.'

அன்புடன்,
ஸ்காட்லாந்து நாட்டுப்புற இசையைப் பயின்று வாசித்துவரும் சிலர்